கார் ஏற்றும் லாரிக்கு டிரைவராகப் போகும் முன்

(சோளிங்கரில் நடைபெற்ற நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் பேராசிரியர், வங்கி மேலாளர், தோல் ஏற்றுமதித் தொழில் நடத்துபவர். நான் பி.ஏ. பொருளாதாரம் படித்த லாரி டிரைவர். என்னைப் பேசச் சொல்லிச் செயலாளர் போன் செய்தபோது, "நான் என்னப்பா பேசறது? ஹாரன் அடிக்கத்தான் தெரியும்" என்றேன். "அதைத்தான் பேசணும். நம்ம பசங்க நாலு பேர் கார் கேரியர் ஓட்டப் போறேன்னு நிக்கறானுங்க. நீ வந்து நல்லது கெட்டது சொல்லு" என்றார். அதனால் வந்திருக்கிறேன்.

பசங்களுக்கு அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. நம்ம ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து சோளிங்கர், நெமிலி, பாணாவரம் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதுதான் பேச்சு. தொழிற்சாலை வந்தால் கார் வரும், கார் வந்தால் அதை ஏற்றிப்போக லாரி வரும், லாரி வந்தால் டிரைவர் வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பார்த்துவிட்டுக் காலை வைக்க வேண்டும்.

நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்ததும் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷெட்டில் கணக்கெழுதும் வேலை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் தீர்ப்பு சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஷெட்டுகள் திணறிய காலம் அது. எங்கள் ஷெட்டும் திணறியது. நான் அதே முதலாளியின் லாரியில் ஏறினேன். முதலில் சென்னைத் துறைமுகத்துக்குத் தோல் லோடு, பிறகு சிமெண்ட், பிறகு டிரெய்லர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வர ஆரம்பித்தது. அடுத்த சில வருடங்களில் நானும் கார் கேரியருக்கு வந்துவிட்டேன். இருபது வருடம் ஓட்டினேன். இப்போது புது டிரைவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் பேசுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் கார் கேரியர் பெரிய பூதம் மாதிரி தெரியும். உண்மையில் அதில் பாரம் குறைவு. எட்டு சின்னக் கார் ஏற்றினால் எட்டு டன் சொச்சம்தான் வரும். அதே நீளத்து டிரெய்லரில் இரும்புக் காயில் ஏற்றினால் அதைப்போல மூன்று மடங்கு. "அப்போ சுலபம்தானே அண்ணே?" என்று கேட்பார்கள். இல்லை தம்பி. சிமெண்ட் மூட்டை ஒன்று கிழிந்தால் ஒரு மூட்டை நஷ்டம். கார் கதவில் நகத்தால் கீறிய மாதிரி ஒரு கோடு விழுந்தால் அது யார் கணக்கு என்று நான்கு பேர் நின்று பேசுவார்கள். முட்டைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டெல்லி வரை நடக்கிற வேலை இது. அந்தப் பொறுமை இருக்கிறவன் மட்டும் மேற்கொண்டு கேளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

லைசென்ஸ். இந்த வேலைக்கு யாரும் நேராக வர முடியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட இருபது வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் இலகுரக வாகன லைசென்ஸ் ஒரு வருடமாவது கையில் இருந்திருக்க வேண்டும். கனரக வண்டிக்கான லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்கு முன் அது மூன்று வருடமாக இருந்தது. எட்டாம் வகுப்பு தேற வேண்டும் என்ற விதியையும் 2019-ல் எடுத்துவிட்டார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை ஓட்டலாம் என்று சொன்னது. அதைப் படித்துவிட்டு ஒரு பையன், "எனக்கு ஹெவி வேணாம்லண்ணே?" என்று கேட்டான். அது மினி லாரிக்குப் பொருந்தும். கார் கேரியர் டிரெய்லருக்குப் பொருந்தாது.

லைசென்ஸ் அட்டை கையில் வந்துவிட்டால் மட்டும் டிரைவர் ஆகிவிட முடியாது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஏதாவது ஒன்றில் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதன்பிறகு இரண்டு மூன்று வருடம் சாதாரண லாரி ஓட்டுங்கள். பிறகு டிரெய்லர். கடைசியில்தான் கார் கேரியர். நல்ல கம்பெனிகள் டிரெய்லர் அனுபவம் இல்லாதவனை எடுக்காது. எடுத்தால் அந்தக் கம்பெனியைப் பற்றி நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்தது உடம்பு. நம்ம பெரிய மலைக்கு 1,305 படி. 2024-ல் ரோப் கார் வந்த பிறகு நம்மில் பாதிப் பேர் படியை மறந்துவிட்டோம். கார் கேரியருக்கு ரோப் கார் கிடையாது. ஒரு லோடு ஏற்ற மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் எத்தனை தடவை ஏறி இறங்குவோம் என்று ஒரு நாள் எண்ணிப்பார்த்து, எண்ணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டேன். இந்தத் தொழிலில் வண்டி மோதி அடிபட்டவர்களைவிட மேல் தட்டிலிருந்து வழுக்கி விழுந்து அடிபட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மழையில் இரும்புத் தகடு பாசி பிடித்த படித்துறை மாதிரி வழுக்கும். ரப்பர் செருப்போடு ஏறுகிறவனை நான் கீழே இறக்கிவிடுவேன். ஷூ வேண்டும். ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். குதித்து இறங்கவே கூடாது. இருபத்தைந்து வயதில் குதித்தது நாற்பத்தைந்து வயதில் முழங்காலில் தெரியும்.

இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். தொப்பை இருக்கக் கூடாது. காரை உள்ளே ஓட்டி நிறுத்திய பிறகு, காருக்கும் டிரெய்லர் பக்கச்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருக்கும். கதவை அரைகுறையாகத் திறந்து, கதவு விளிம்பு இரும்பில் படாமல், நீங்கள் பாம்பு மாதிரி வெளியே வர வேண்டும். பெல்ட் பக்கிள், கைக்கடிகாரம், மோதிரம், சட்டைப்பை பேனா எல்லாவற்றையும் கழற்றி கேபினில் வைத்துவிட்டுத்தான் காரில் உட்கார வேண்டும். கீறல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

தூக்கம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2018 வரை தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் என்று விதியே இருந்தது. அந்த வருடம் அதை எடுத்துவிட்டார்கள். ஒரே ஆள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து டெல்லிக்கு, கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர், நெல்லூர், விஜயவாடா, நாக்பூர் வழியாகப் போகிறான். எட்டு மணி நேர வேலை என்று 1961-ம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே எட்டு மணிதான். ரோட்டில் அதை யார் எண்ணுகிறார்கள்? நாம்தான் எண்ண வேண்டும். இரவு இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும். அந்த நேரத்தில் டீ குடிப்பது, முகம் கழுவுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் தூக்கத்துக்கு லஞ்சம் கொடுக்கிற மாதிரி. வாங்கிக்கொண்டு அரை மணி கழித்து மறுபடி வரும். வண்டியை ஓரங்கட்டிப் படுப்பது ஒன்றுதான் மருந்து.

என்னோடு ஓட்டிய ஒருவர், ஆற்காட்டுப் பக்கம், பெயர் வேண்டாம். நல்ல கை. குடி கிடையாது. ஆந்திராவில் விடியற்காலை நின்றிருந்த லாரியின் பின்னால் போய் ஏறிவிட்டார். பிரேக் போட்ட தடமே ரோட்டில் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அன்று மதியத்துக்குள் ஸ்டாக்யார்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவருக்கு மூன்று தடவை போன் வந்திருந்தது. போன் செய்தவர் வேலையில்தான் இருக்கிறார். தம்பிகளே, அவசரம் அவர்களுடையது, உயிர் நம்முடையது.

குறட்டை பலமாக விடுகிறவர்கள், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகுகிறவர்கள், வேலையில் சேரும் முன் வேலூர் சி.எம்.சி. மாதிரி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் மூன்றையும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். மெடிக்கல் சர்டிபிகேட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவன் யாரையும் ஏமாற்றவில்லை, தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறான்.

இப்போது லோடு ஏற்றுகிற வேலைக்கு வருகிறேன். இதுதான் மற்ற லாரிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். மற்ற லாரியில் ஏற்றுக்கூலி ஆள் ஏற்றுவான், டிரைவர் டீ குடிப்பான். இங்கே பல யார்டுகளில் டிரைவர்தான் ஏற்ற வேண்டும். எந்தக் கார் முதலில் இறங்குமோ அது கடைசியில் ஏற வேண்டும். இரண்டு ஊர் டீலருக்குச் சேர்த்து லோடு என்றால், வேலூர்க் காரை உள்ளே தள்ளி ஓசூர்க் காரை வாசலில் வைத்துவிட்டால் வேலூரில் அத்தனையையும் இறக்கி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை இறக்கி ஏற்றுவதும் ஒரு கீறலுக்கான வாய்ப்பு.

ஏற்றிய பிறகு ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, சக்கரத்தைச் சுற்றி பெல்ட். பெல்ட்டைச் சக்கரத்தில்தான் கட்ட வேண்டும், உடம்பில் கட்டக் கூடாது. ராட்செட்டை இறுக்கிவிட்டுக் கையால் தட்டிப் பார்த்தால் மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். தோல் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிளம்பி ஐம்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லா பெல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். முதல் ஐம்பதில்தான் கார் ஆடி உட்காரும், பெல்ட் தளரும்.

மூடிய டிரெய்லருக்குள் காரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. புகை கண்ணுக்குத் தெரியாமல் ஆளை அடித்துவிடும். இரவில் குளிர்ச்சிக்காகக் கம்பெனிக் காரில் ஏ.சி. போட்டுத் தூங்குவதும் அதே ஆபத்து, வேலையும் போகும். இனிமேல் உங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் ஆகிவிட்டது. எங்கள் காலத்தில் நாக்பூர் வெயிலில் ஈரத்துண்டுதான் ஏ.சி.

காகிதம் மிக முக்கியம். காரை வாங்கும்போது சுற்றி வந்து பார்த்து, இருக்கிற கீறல், நசுங்கல், ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட், சாவி இரண்டு, எல்லாவற்றையும் எண்ணி எல்.ஆர். காகிதத்தில் எழுதி, எதிரில் இருப்பவர் கையெழுத்தை வாங்கிவிட்டுத்தான் பெல்ட்டைத் தொட வேண்டும். எங்கள் கம்பெனி ஒன்றில் ஒரு பையன் மீது ஒரு பம்பர் கீறலுக்காக இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். கீறல் யார்டிலேயே இருந்தது என்று அவன் சத்தியம் செய்தான். சத்தியத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லையே! இருட்டில் லோடு கொடுத்தால் "வெளிச்சத்துல பாக்கணும் சார்" என்று சொல்லுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஒவ்வொரு காரையும் நான்கு மூலையிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படித்த பிள்ளைகள் இந்த விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்க முடியும். டிகிரி வீணாகவில்லை என்று சொல்கிறேனே, அது இதைத்தான்.

இனி ரோடு. கார் கேரியரின் நீளம் 18.75 மீட்டர், உயரம் 4.75 மீட்டர் வரை போகலாம் என்பது விதி. சோளிங்கர் பஜாரில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று மனதில் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்வண்டி திரும்பிவிடும், பின்சக்கரம் உள்வட்டத்தில் வெட்டிக்கொண்டு வரும். அந்த வெட்டில் ஒரு சைக்கிள்காரர் நின்றால் கண்ணாடியில் தெரியமாட்டார். அதனால் இடதுபுறம் திரும்பும்போது கிளீனர் இறங்கி நிற்க வேண்டும். கிளீனர் இல்லையென்றால் நீங்களே இறங்கிப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

உயரம் இன்னொரு சங்கதி. ரயில்வே கீழ்ப்பாலம், தொங்குகிற மின்கம்பி, புளியமரக் கிளை, திருவிழா வளைவு, கட்சிக்கொடித் தோரணம் எல்லாம் நமக்குக் கண்டம்தான். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டுப் பாலத்தடி உயரம் குறைந்திருக்கும், போர்டில் பழைய எண்தான் இருக்கும். பல ஊரில் டீலர் கடை வரை வண்டி போகாது. ஊருக்கு வெளியே நிறுத்தி, காரை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். கூகுள் காட்டுகிற குறுக்கு வழி காருக்கான வழி. அதை நம்பித் திரும்பி, வயல்காட்டு நடுவில் ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுத்த ஒரு வண்டியை நான் போய் மீட்டுவந்திருக்கிறேன்.

பாரம் உயரத்தில் இருப்பதால் வண்டி சீக்கிரம் சாயும். காற்றடித்தால் பாய்மரம் மாதிரி தள்ளும். தர்மபுரி, சேலத்துக்கு நடுவே தொப்பூர் கணவாய் இறக்கம் எத்தனை பேரைக் காவு வாங்கியது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால், பிரேக் சூடேறி, கீழே வரும்போது மிதித்தால் பிடிக்காது. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-ல் நிறுத்திவிடும், ஆனால் இறக்கத்தில் உங்களை நிறுத்துவது உங்கள் புத்திதான்.

இனி எல்லாரும் காத்திருக்கிற விஷயம், பணம். இந்தத் தொழிலில் "மாதம் இவ்வளவு" என்று ஒருவர் சொன்னால், உடனே கைகொடுக்காதீர்கள். மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா? பேட்டா தனியா, சேர்த்தா? யார்டில் லோடுக்காகக் காத்திருக்கிற நாளுக்குக் காசு உண்டா? திரும்பி வரும்போது காலி வண்டியா, லோடா? டோல் ஃபாஸ்டேகில் போய்விடும், ஆனால் வழிச்செலவு யாருடையது? டேமேஜுக்குப் பிடித்தம் உண்டா, எவ்வளவு வரை? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? இத்தனையும் கேட்டு எழுதி வாங்குங்கள். "கேட்டா வேலை தரமாட்டாங்கண்ணே" என்பான் தம்பி. கேட்டதற்கே கோபித்துக்கொள்கிறவர், நீ கொடுத்த கணக்கைப் பார்த்து என்ன செய்வார் என்று யோசி.

டீசல் கணக்கைப் பொருளாதார மாணவனாகச் சொல்கிறேன். முதலாளி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து டீசல் கொடுக்கிறார். 2,200 கிலோமீட்டருக்கு 550 லிட்டர். வழியில் டிராபிக், ஏற்றம், எதிர்க்காற்று. உங்களுக்கு 3.8 கிடைத்தது. செலவு 579 லிட்டர். இருபத்தொன்பது லிட்டர் குறைவு. லிட்டர் தொண்ணூறு ரூபாய் என்று வைத்தால் 2,610 ரூபாய் உங்கள் பையிலிருந்து. பத்தில் இரண்டு என்று அலட்சியமாகத் தெரிகிற அந்தப் புள்ளிதான் லாபமும் நஷ்டமும். நிதானமாக ஓட்டுகிறவனுக்கு அதே புள்ளி மறுபக்கம் திரும்பி மிச்சமும் ஆகும். வண்டி எந்த மைலேஜ் தரும் என்பதைச் சேரும் முன் பழைய டிரைவரிடம் கேளுங்கள், முதலாளியிடம் அல்ல.

இந்தத் தொழிலுக்கு இன்னொரு குணம் உண்டு. அரிசி லாரிக்கு எப்போதும் லோடு இருக்கும், ஜனங்கள் சாப்பிடாமல் இருக்க முடியாது. கார் வாங்காமல் இருக்க முடியும். 2019-ல் கார் விற்பனை படுத்தது. ஆகஸ்ட் மாதம் முந்தைய வருடத்தைவிட முப்பது சதவீதத்துக்கு மேல் குறைவு. யார்டு வாசலில் வாரக்கணக்கில் வண்டிகள் வரிசையில் நின்றன. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. மாருதி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு 2022 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்தியது. அதை நம்பி லோன் போட்டு டிரெய்லர் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். தொழிற்சாலை மூடுகிற தேதியில் தவணை மூடுவதில்லை.

ரயிலும் போட்டிக்கு வந்துவிட்டது. மாருதி 2014-15-ல் தன் கார்களில் சுமார் 5 சதவீதத்தைத்தான் ரயிலில் அனுப்பியது. 2024-25-ல் அது கிட்டத்தட்ட கால் பங்கு. நம்ம பக்கம் வாலாஜாபாத் ஸ்டேஷனில் கார் ரயில் ஏறுகிறது. வாலாஜாபேட்டை இல்லை, காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத். இதனால் லாரி வேலை ஒழிந்துவிடாது. ரயில் இறக்கிய இடத்திலிருந்து டீலர் வாசல் வரை லாரிதான் போக வேண்டும். ஆனால் நீண்ட தூர டிரிப் குறைந்து குட்டை டிரிப் கூடலாம். குட்டை டிரிப்பில் பேட்டா குறைவு, வீட்டுச் சாப்பாடு அதிகம். எது வேண்டும் என்பது அவரவர் கணக்கு.

இந்த இடத்தில் என் வகுப்புத் தோழர் ஒருவருக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் கேட்டார், "மச்சான், பையன் பேருல பழைய டிரெய்லர் ஒண்ணு வருது. நிலத்துப் பத்திரத்தை வச்சு எடுத்துடட்டுமா?" என்று. மச்சான், எடுக்காதே. பையன் முதலில் மூன்று வருடம் அடுத்தவன் வண்டியில் ஓட்டட்டும். டயர் எத்தனை மாதம் வருகிறது, ஹைட்ராலிக் பைப் எப்போது வெடிக்கிறது, பி.எஸ்.6 வண்டிக்கு யூரியா எவ்வளவு குடிக்கிறது, வாடகைப் பணம் எத்தனை நாள் கழித்து வருகிறது, எல்லாம் அடுத்தவர் செலவில் கற்றுக்கொள்ளட்டும். பழைய டிரெய்லர் என்றால் அதன் நீளம் இப்போதைய விதிக்குள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அதிக நீளத்தில் கட்டிய வண்டியை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். மூன்று வருடம் கழித்தும் அவனுக்கு ஆசை இருந்தால், அப்போது ஒரு லோடு ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிவிட்டு வண்டி எடுக்கலாம். வண்டியை வாங்கிவிட்டு லோடு தேடக் கூடாது. ஏரி மதகைத் திறந்துவிட்டு வாய்க்கால் வெட்டுகிற கதை அது.

வீட்டைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. டிரைவருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். அது ஜாதகத்தால் இல்லை, நாம் வீட்டில் இருப்பதில்லை என்பதால். என் மூத்த மகள் பிறந்தபோது நான் நாக்பூரில், இளையவன் பள்ளியில் சேர்ந்தபோது குவாஹாத்தி ரோட்டில். என் மனைவி ஒரு கையால் குடும்பத்தை நடத்தினாள். இன்று அவளும் வந்திருக்கிறாள், அவள் முன்னாலேயே சொல்கிறேன், அந்தச் சம்பாத்தியத்தில் பாதி அவளுடையது. கல்யாணமானவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு இந்த வேலைக்கு வாருங்கள். ஏ.டி.எம். கார்டு, இன்சூரன்ஸ் பத்திரம், முதலாளியின் போன் நம்பர், இந்த மூன்றும் வீட்டில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும். தமிழக அரசின் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலையின்போது அடிபட்டால் முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது 1923-லிருந்து சட்டத்தில் இருக்கிற உரிமை. அது கருணை இல்லை. ஆனால் நீங்கள் அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு ஒரு காகிதமாவது வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் ஸ்டிரைக் செய்தது நினைவிருக்கும். விபத்து செய்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் என்ற புதுப் பிரிவை எதிர்த்து. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தார்கள். ஆனால் கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்து வருடம் வரை தண்டனை என்பது நடைமுறையில்தான் இருக்கிறது. ஜனங்கள் அடிப்பார்கள் என்று பயம் வருவது இயல்பு. அப்படியானால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிப் போய்ச் சொல்லுங்கள், 108-க்குப் போன் செய்யுங்கள். ஓடிப்போனவன் பக்கம் எந்த வக்கீலாலும் ரொம்பப் பேச முடியாது.

இவ்வளவும் கேட்டு, "இவர் வராதேன்னுதான் சொல்றாரு" என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தொழில் எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஆள் பார்க்காத இந்தியாவை நான் பார்த்தேன். அரியானாவின் மேவாத் பக்கத்து டிரைவர்களோடு ஒரே அடுப்பில் சமைத்தேன். அவர்கள் ரொட்டி சுட்டார்கள், நான் ரசம் வைத்தேன். ஹிந்தி அவர்களிடம் கற்றது, தமிழ் கொஞ்சம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எண்ணிக் கொடுத்ததை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீலர் "ஓகே டிரைவர், ஒரு கீறல் இல்லை" என்று கையெழுத்துப் போடுகிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்குச் சம்பளத்தில் சேராத ஒரு ருசி. ஓட்டி முடித்தவர்களுக்கு யார்டு சூப்பர்வைசர், பயிற்சியாளர் என்று வழியும் இருக்கிறது. நல்ல டிரைவருக்குப் பஞ்சம் இருக்கும் வரை நல்ல டிரைவருக்கு மரியாதையும் இருக்கும்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இங்கே வக்கீல் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், வங்கிக்காரர் இருக்கிறார். டிரைவர் வேலைக்குப் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வருடம் ஒரு நாள் ஒதுக்குவோம். டாக்டர் கண்ணையும் சர்க்கரையையும் பார்க்கட்டும். வக்கீல் அவர்கள் கையெழுத்துப் போடப்போகும் காகிதத்தைப் படித்துச் சொல்லட்டும். வங்கிக்காரர் லோன் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். நான் பெல்ட் கட்டக் கற்றுக்கொடுக்கிறேன், காசு வேண்டாம், மதியச் சாப்பாடு போதும். பனப்பாக்கத்திலிருந்து கிளம்பும் லாரியில் நம்ம பிள்ளை உட்கார்ந்திருந்தால் பெருமைதான். அவன் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.